எருக்கிலை கட்டினால் சர்க்கரை இறங்குமா?

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 46. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"என் வீட்டுக்காரருக்கு 54 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. பங்காளி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். எருக்கிலையின் அடிப்பக்கம் பாதத்தில் படும்படி வைத்து, அதன்மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு பகல் முழுக்க இருக்க வேண்டும், ராத்திரி எடுத்துவிட வேண்டும், ஒரு மண்டலத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று அதில் சொன்னார்கள். பத்தியமும் உண்டு. இனிப்பு, டீ, கிழங்கு கூடாது, காலையில் இலையோடு நடக்க வேண்டும். 40 நாள் ஆகிறது. வெறும் வயிற்றில் 286 இருந்தது இப்போது 204. அவராகவே மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். முழுக்க விட்டுவிடலாமா என்கிறார். இடது கால் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. வலியே இல்லை என்பதால் கண்டுகொள்ளவில்லை.

"இலை ஒடித்துக் கொடுப்பது நான்தான். கொரங்காட்டு (மேய்ச்சல் காட்டு) கிளுவை வேலி ஓரமாக நிறைய நிற்கிறது. நேற்று ஒடிக்கும்போது பால் வலது கண்ணில் தெறித்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கரித்தது, அப்புறம் ஒன்றுமில்லை. இன்று காலையில் அந்தக் கண்ணில் பார்த்தால் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருக்கிறது. வலி இல்லை. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் அத்தை (மாமியார்). அவருக்கு 74 வயது. முட்டிவலிக்கு எருக்கிலை ஒத்தடம், முள் குத்தினால் எருக்கம்பால் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் அவருக்கு. பேரனுக்கு ஆறு வயது, வீசிங் தொந்தரவு. சந்தையில் ஒருவர் எருக்கம்பூப் பொடி கொடுத்திருக்கிறார், தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்று. மகளும் நான்கு மாதக் கர்ப்பிணியாக வீட்டில் இருக்கிறாள். எருக்கு மருந்தா, விஷமா? விஷம் என்றால் நம் முன்னோர்கள் எல்லாம் தெரியாமலா செய்தார்கள்? வாசலில் ஒரு வெள்ளெருக்கு நிற்கிறது, அதை வெட்டிவிடலாமா?"

அம்மணி, உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். அன்றே கண் மருத்துவரிடம் போனீர்கள், கருவிழி வீங்கியிருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்று மறுநாள் சொன்னீர்கள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவற்றை நிதானமாக எழுதுகிறேன். உங்களைப் போல எத்தனையோ வீட்டில் இதே இலையை இன்று காலையிலும் ஒடித்திருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

நான் சித்த மருத்துவம் படித்தவள், அதைத்தான் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். எருக்கு என் மருந்துப் பட்டியலில் உள்ள செடி. அதனால் இதை ஒதுக்கிவிடும் எண்ணத்தோடு நான் எழுதவில்லை. இந்தச் செடியை மதிப்பதால்தான் சில இடங்களில் கண்டிப்பாகப் பேசப் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது. காலில் கொப்புளம், "வலி இல்லை". கண்ணில் மங்கல், "வலி இல்லை". இரண்டு இடத்திலும் வலி இல்லாததை வைத்து "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எருக்கு விஷயத்தில் நம் மக்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கண்ணில் எருக்கம்பால்

மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ கண்ணில் விழுந்தால் துடித்துப்போய் ஓடுவோம். எருக்கம்பால் அப்படிச் செய்வதில்லை. முதலில் கொஞ்சம் கரிக்கும், பிறகு அடங்கிவிடும். அந்தப் பாலுக்குக் கருவிழியை மரத்துப்போக வைக்கும் குணம் உண்டு. வலி அடங்கியபின்தான் உள்ளே வேலை நடக்கும். பாலில் உள்ள பொருட்கள் கருவிழிக்குள் இறங்கி, அதன் உள்பக்கத்து மெல்லிய செல் அடுக்கைத் தாக்கும். கருவிழியில் நீர் தேங்காமல் வெளியேற்றிக்கொண்டிருப்பது அந்த அடுக்குதான். அது தளர்ந்ததும் கருவிழி நீர் கோத்து வீங்குகிறது. நீங்கள் எழுதிய "ஆவி படிந்த கண்ணாடி" அதுதான். கண் மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். வெள்ளெருக்குப் பறித்துப் பிள்ளையாருக்கு மாலை கட்டப்போய் இப்படி ஆனவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பார்வை திரும்பிவிடும். ஆனால் அந்த உள் அடுக்கில் செத்துப்போன செல்கள் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருக்கும் செல்கள்தான் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதனால் பார்வை தெளிந்தபின்னும் கண் மருத்துவர் கூப்பிடும் நாளில் தவறாமல் போய்க் காட்டுங்கள். சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும், அவர் சொன்ன நாள் வரைக்கும்தான் அதைப் போட வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று அதே பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும். வருங்காலத்தில் புரை நீக்கும் அறுவைக்குப் போனால், ஒருமுறை எருக்கம்பால் பட்டிருக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இனி யாருக்குப் பால் தெறித்தாலும் முதல் வேலை தண்ணீர். முந்தானையில் துடைத்தால் பால் இன்னும் பரவும். ஒரு போசி நிறையச் சுத்தமான தண்ணீர் எடுத்து, கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாவது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து ஊற்றினால் நல்லது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவர். உங்கள் அத்தை சொன்ன விளக்கெண்ணெய் கண் குளிர்ச்சிக்கு என்று நம் வீடுகளில் காலங்காலமாக விடுவதுதான், அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் இந்தக் காயத்துக்கு அது உதவாது, கண் மருத்துவரிடம் போவதை ஒரு நாள் தள்ளிப்போடத்தான் வைக்கும்.

சர்க்கரை இறங்கியது எதனால்?

286 எப்படி 204 ஆனது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. போனில் கேட்டபோது நீங்களே சொன்னீர்கள்: முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து டீ, எல்லாம் நாட்டுச்சர்க்கரை போட்டு. "நாட்டுச்சர்க்கரைதானே, சுகருக்கு ஒன்றும் செய்யாது" என்று அவர் நினைத்திருக்கிறார். கவுந்தப்பாடியில் காய்ச்சி வரும் நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற தரமான பொருள். அதன் மணமும் ருசியும் யாருக்கும் தெரியும். ஆனால் ரத்தத்துக்குப் போனபின் அதுவும் சர்க்கரைதான், வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. கொங்கு நாட்டில் சர்க்கரை நோயாளிகளிடம் நான் அதிகம் திருத்தும் நம்பிக்கை இதுவாகத்தான் இருக்கும்.

பத்தியம் என்ற பேரில் அந்த ஐந்து டீ நின்றது. கிழங்கு நின்றது. இலை நழுவாமல் இருக்க வேண்டும் என்று காலையில் முக்கால் மணி நேரம் காட்டைச் சுற்றி நடக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் சர்க்கரை இறங்கும். இலையைக் கழற்றிவிட்டு இதே மூன்றையும் தொடரச் சொல்லுங்கள், இறங்கிய அளவு அப்படியே நிலைக்கும். மாத்திரையையும் பாதியாக்காமல் இருந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும். வெறும் வயிற்றில் 204 என்பது நல்ல எண் இல்லை அம்மணி. 286ஐப் பார்த்த கண்ணுக்கு அது நல்லதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அவருக்கு ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரியை அது சொல்லும்.

மாத்திரையை விடலாமா என்றால், கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவையே போடட்டும். குறைப்பதும் நிறுத்துவதும் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பதுதான் அவருக்குச் சலிப்பு என்றால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவிடம் பேரைப் பதிந்துவிடுங்கள்.

அந்த வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. உங்கள் பங்காளி நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார். இனி அனுப்ப வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

கொப்புளம் வந்த கால்

இந்தப் பகுதியை உங்கள் வீட்டுக்காரரையே படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது வருடச் சர்க்கரையில் கால் நரம்புகள் மெல்ல மரத்துப்போவது சகஜம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பார்கள். நெருஞ்சி முள் ஏறியது சாயங்காலம் காலைக் கழுவும்போதுதான் தெரியும். அந்தப் பாதத்தில் எருக்கிலையை வைத்து, சாக்ஸால் இறுக்கி, வெயிலில் பகல் முழுக்க நடந்தால் என்ன ஆகும்? இலைக் காம்பில் கசியும் பால் தோலைப் பொசுக்கும். எருக்கம்பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் உண்டு. முன்காலத்தில் தோல் பதனிட அந்தப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆட்டுத்தோலில் மயிர் நீக்கிய பால் மனிதத் தோலை விட்டுவைக்குமா? வியர்வை ஈரத்தில் தோல் ஊறிக் கிடக்க, கொப்புளம் எழும்புகிறது. நல்ல நரம்பு உள்ளவருக்கு அங்கே எரியும், இலையை எடுத்து வீசிவிடுவார். இவருக்கு எரியவில்லை. "வலியே இல்லை" என்று அவர் சொல்வது எனக்கு ஆறுதலாக இல்லை, அதைத்தான் முதல் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

சில வருடத்துக்கு முன் பெருந்துறைப் பக்கத்தில் இருந்து ஒருவர் என்னிடம் வந்தார், தறிக்காரர். இதே வைத்தியம், இதே சாக்ஸ். சாக்ஸைக் கழற்றியபோது கட்டைவிரலின் அடியில் தோல் வெள்ளையாக, வெந்நீரில் ஊறப்போட்ட துணி மாதிரி உரிந்து கிடந்தது. உள்ளே காசு அளவுக்குக் குழி. நான் பஞ்சால் தொட்டபோது அவர் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தொட்டது தெரியவில்லை. நல்ல வேளையாக எலும்புக்குப் போகவில்லை. அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன், விரல் தப்பியது, ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது.

அதனால் இன்றே இலையை நிறுத்துங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால் எதுவும் தடவ வேண்டாம். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, சுத்தமான துணியால் லேசாக மூடி, ஒன்றிரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றிலும் சிவப்புப் பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால் அந்த ஒன்றிரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வெந்நீரில் கால் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடட்டும், சூடு அவருக்குத் தெரியாது. காட்டுக்குள் வெறுங்காலோடு போவதும் வேண்டாம். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற செருப்பு கிடைக்கும். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, அல்லது நீங்கள் பார்த்துச் சொல்வது, இனி தினசரி வேலை. நைலான் இழை ஒன்றால் பாதத்தில் தொட்டுத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். இரண்டு நிமிட வேலை, வலிக்காது. அதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

பேரனுக்குப் பொடி வேண்டாம்

சித்த மருத்துவத்தில் எருக்கம்பூ இருமலுக்கும் இரைப்புக்கும் உள்ள மருந்துதான். சந்தைக்காரர் அதை எங்கிருந்தோ இட்டுக்கட்டவில்லை. ஆனாலும் வேண்டாம் என்கிறேன்.

எருக்கின் எல்லாப் பாகத்திலும், பாலில் அதிகமாக, இதயத்தைத் தாக்கும் பொருட்கள் உண்டு. கலோட்ரோபின் என்பது அவற்றில் ஒன்று. அரளியில் இருப்பதும் இந்த இனம்தான். இதயத் துடிப்பின் தாளத்தையே மாற்றக்கூடியவை. எந்தப் பூவில் எவ்வளவு என்பது மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். மருந்தாகக் கொடுக்கிறவர் எந்தப் பூவை, எந்தப் பக்குவத்தில், என்ன எடையில், எந்த உடம்புக்கு என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சந்தைப் பொட்டலத்தில் "ஒரு சிட்டிகை" என்பது யாருடைய விரலின் சிட்டிகை? பொட்டலத்தில் பேர் இல்லை, சரக்கு என்னென்ன என்று இல்லை, உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. விற்பனைக்கு வரும் சித்த மருந்துக்கு இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நச்சுச் சரக்கு சேர்ந்த உள்மருந்துகளுக்கு "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்" என்ற எச்சரிக்கையும் வேண்டும். அந்தப் பொட்டலத்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் இன்றே குழியில் போட்டு மூடுங்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்று பயப்படுகிறீர்களா? பல தாய்மார்கள் என்னிடம் அதைத்தான் சொல்வார்கள். சித்த மருத்துவர் என்றால் நானும் ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். இன்ஹேலரில் போகும் மருந்து மிகமிகக் குறைந்த அளவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. குழந்தை மருத்துவர் எழுதியிருந்தால் தைரியமாகக் கொடுங்கள். கூடவே சித்த மருந்தும் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. தனியாரிடம் போவதானால் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒருவேளை குழந்தை எருக்கம்பாலையோ பூவையோ வாயில் போட்டுவிட்டால் வாய் எரியும், எச்சில் வடியும், வாந்தி பேதி வரும், பிறகு நாடி தாறுமாறாகும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைத்து, 108க்குச் சொல்லி, ஈ.சி.ஜி. எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப்போனால் மருத்துவருக்கு உதவும். பால் உங்கள் கையில் படாமல் ஒடியுங்கள்.

மகளைப் பற்றி

"பால்தானே, என்ன செய்யும்" என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எருக்கம்பால் என்ன செய்யும் என்று நம் மேற்கு மாவட்டங்களுக்குத் தெரியும். 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டது? பிறந்த பெண் பிள்ளைகளுக்குக் கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கொடுத்த கொடுமை நம் பக்கத்தில் நடந்ததால்தான். கருவைக் கலைக்க எருக்கங்குச்சியைப் பயன்படுத்தி உயிரை விட்ட பெண்களும் உண்டு. இதை எழுத எனக்கு மனம் கூசுகிறது, ஆனால் கர்ப்பிணிப் பெண் உள்ள வீட்டில் சொல்லாமல் விட முடியாது. எருக்கு சேர்ந்த எந்த உள்மருந்தும், பற்றும், கிழியும் மகளுக்கு வேண்டாம். இலை ஒடிக்கவும் அவளை அனுப்ப வேண்டாம்.

அத்தை செய்வதில் எது சரி?

முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுப்பது நம் மருத்துவத்திலேயே உள்ள முறை. எருக்கு, நொச்சி, புளியிலை எல்லாம் இலைக்கிழியில் சேர்ப்போம். அத்தைக்கு அது சுகமாக இருக்கிறது என்றால் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு சூட்டினுடையது. இலையைப் பறித்துக் காம்பைக் கீழ்நோக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் பால் வடிந்துவிடும். அப்புறம் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டி, துணியில் சுற்றி, பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம். ராத்திரி முழுக்கக் கட்டிவைக்கக் கூடாது. புண், வெடிப்பு உள்ள இடத்தில் கூடாது. அத்தைக்கும் சர்க்கரை இருந்து, கால் மரத்திருந்தால் வேண்டாம். என்னைக் கேட்டால், வாய்க்கால் ஓரத்தில் நொச்சி கிடைக்கிற ஊரில் வீட்டு ஒத்தடத்துக்கு நொச்சியே போதும். அதில் பால் கிடையாது.

முள்ளுக்கு எருக்கம்பால் விடுவது எனக்கும் நடந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வெள்வேல் முள் ஏறினால், என் ஆத்தா திண்ணையில் உட்காரவைத்துக் குதிகாலில் ஒரு சொட்டு விடுவார். தோல் வெளுத்து மெத்தென்று ஆகி, அடுத்த நாள் முள் தலை காட்டும். அதற்குக் காரணமும் மேலே சொன்ன நொதிகள்தான். கெட்டியான குதிகால் தோலில், நல்ல உடம்புக்காரருக்கு அது பெரும்பாலும் கெடுதல் செய்யாமல் போய்விடும். முகம், குழந்தைகளின் தோல், சர்க்கரை உள்ளவரின் கால், சொத்தைப் பல் இந்த நான்கிலும் தொடவே கூடாது. பல்வலிக்கு விட்டு நாக்கும் ஈறும் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முள்ளை எடுத்தபின் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்றும் பாருங்கள். அந்த வேலையை எருக்கம்பால் செய்யாது.

முன்னோர்கள் தெரியாமல் செய்தார்களா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தார்கள், அதனால்தான் எருக்கை நேராக வாயில் போடச் சொல்லவில்லை. பற்பம், செந்தூரம் என்ற நீற்றிய பொடி மருந்துகளை முடிக்கும்போது எருக்கம்பால் விட்டு அரைப்பார்கள், பிறகு வில்லை தட்டி, உலர்த்தி, மண் பூசிய துணியால் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். அந்த நெருப்பில் போய் வந்தபின் பால் பாலாக இருப்பதில்லை. சரக்கின் நஞ்சை நீக்கச் சுத்தி, மருந்துக்கு அளவு, அதை ஏற்கும் துணை மருந்து, பத்தியம், ஒவ்வாமல் போனால் முறிவு என்று ஒவ்வொன்றுக்கும் விதி வைத்தார்கள். வீடியோவில் வந்தது இலை மட்டும்தான், அந்த விதிகள் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் பாதியாக்கிய மாத்திரை மெட்ஃபார்மின் என்றீர்கள். அதற்கும் மூலம் ஒரு நச்சுச் செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடி, மேய்ந்த செம்மறிகள் செத்துப்போகும். அந்த ஊர் நாட்டு வைத்தியர்கள் அதைத் தாகத்துக்கும் அடிக்கடி சிறுநீர் போவதற்கும் கொடுத்தார்கள். அதில் உள்ள பொருளைத் தேடிப் பிடித்து, அதன் உறவுக்காரப் பொருளாக 1922ல் மெட்ஃபார்மினைச் செய்தார்கள். நோயாளிகளுக்குத் தகும் என்று 1957ல் பிரான்சில் ஒரு மருத்துவர் காட்டினார். விஷச் செடியில் இருந்து மருந்து எடுப்பதற்கு அத்தனை வருடம், அத்தனை பேருடைய வேலை. அந்த வேலையெல்லாம் முடிந்து கையில் இருக்கிற மாத்திரையைப் பாதியாக உடைத்துவிட்டுப் பச்சை இலையைக் கட்டிக்கொள்கிறாரே என்பதுதான் என் வருத்தம்.

வெள்ளெருக்கை வெட்ட வேண்டாம். அது என்ன செய்தது? பூவில் கருவண்டு வந்து உட்காரும், இலையின் அடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும், மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி அதையே தின்று வாழும். வெள்ளெருக்கு எருக்கிலேயே ஒரு நிறம்தான். விஷமும் அதேதான், வெள்ளைக்குத் தனிச் சக்தி என்று எதுவும் மருத்துவத்தில் கிடையாது. வேரில் பிள்ளையார் செய்யக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். செடி குழந்தை விளையாடும் இடத்தில் இருந்தால் சுற்றி நாலு முள்ளை வெட்டிப் போடுங்கள். எருக்கம் மொட்டை நசுக்கி 'டப்' என்று வெடிக்க வைத்து விளையாடாத பிள்ளை நம் பக்கத்தில் இல்லை. நானும் செய்திருக்கிறேன். அந்த விரலோடு கண்ணைக் கசக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று பேரனிடம் செடியைக் காட்டியே சொல்லிக் கொடுங்கள்.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். அவர் செய்ததில் பாதியை நானும் செய்கிறேன் என்று சொல்லி, ஒத்தடப் பகுதியை முதலில் படித்துக் காட்டுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

வீட்டுக்காரரை இந்த வாரமே கூட்டிப்போங்கள். ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. கையில் பழைய சீட்டும், பாதி மாத்திரை மீதியுள்ள அட்டையும் இருக்கட்டும். மறைக்காமல் சொல்லட்டும், எந்த மருத்துவரும் இதற்காக ஆளை விரட்ட மாட்டார். உள்ளே போனதும் டாக்டர் கேட்காவிட்டாலும் சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்தையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.